தோள்களில் ஏறிவந்த ஊர்: கோடைக்கானலின் மண்ணும் மக்களும்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சி உங்கள் அனைவருக்கும் தெரியும். கப்பர்நாகும் ஊரில் முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் படுக்கையோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கூட்டம் வழி விடவில்லை. கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் அவரை இறக்குகிறார்கள். அவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார். இதைப் பற்றி எத்தனையோ மறையுரைகளை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால், தூக்கி வந்த அந்த நால்வரின் பெயர் என்ன? நற்செய்தியில் இல்லை. அவர்கள் கூரைக்கு மேலேயே நின்றுவிட்டார்கள். பிறகு என்ன ஆனார்கள் என்றும் நமக்குத் தெரியாது.

இன்று நாம் நம் கோடைக்கானல் ஊரின் கதையைக் கேட்கப் போகிறோம். மலை எங்கே இருக்கிறது, யார் வந்தார்கள், எந்த ஆண்டில் வந்தார்கள், இப்போது எத்தனை பேர் இருக்கிறோம் என்ற கதை. அதைக் கேட்கும்போது அந்த நால்வரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், நம்முடைய ஊரும் தோள்களில் ஏறி வந்த ஊர்தான்.

மலையும் தண்ணீரும்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீண்டிருக்கும் ஒரு கைதான் பழனி மலைத்தொடர். கிழக்கு மேற்காக ஏறக்குறைய 65 கிலோமீட்டர், வடக்கு தெற்காக ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இதை மேல் பழனி, கீழ் பழனி என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பக்கமெல்லாம் கீழ் பழனி. அங்கே காப்பியும் மலை வாழையும் விளைகின்றன. அதற்கும் மேலே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், கோடைக்கானல். இன்னும் மேற்கே போனால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை. தொடரின் மிக உயர்ந்த சிகரமான வந்தரவு 2,533 மீட்டர்.

மலையின் உச்சியில் பரந்த புல்வெளிகள். பள்ளங்களில் அடர்ந்த சோலைக்காடுகள். மழை பெய்யும்போது புல்லும் சோலையும் அதைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களில் ஓடையாகக் கசியவிடுகின்றன. வடக்குப் பக்கம் இறங்கும் சண்முகநதியும் குதிரையாறும் அமராவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகின்றன. தெற்கே இறங்கும் மஞ்சளாறும் வராக நதியும் வைகைக்குப் போகின்றன. பழனியில் பாதயாத்திரை வந்தவர் குளிப்பதும், பெரியகுளத்து விவசாயி நாற்று நடுவதும் இந்த மலைத் தண்ணீரில்தான். மேலே இருக்கும் நாம் சில பத்தாயிரம் பேர். கீழே இந்தத் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் பல இலட்சம் பேர். இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஏற்கெனவே இருந்தவர்கள்

வெள்ளைக்காரர்தாம் கோடைக்கானலைக் கண்டுபிடித்தார்கள் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். அன்பார்ந்தவர்களே, இது சரியல்ல. ஆள் இல்லாத இடத்தைத்தான் கண்டுபிடித்ததாகச் சொல்லலாம்.

தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பகுதிகளில் பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிய ஈமச்சின்னங்கள் இன்றும் இருக்கின்றன. நம் மலையின் முதல் கல்லறைகள் அவை. இறந்தவரை மதித்து அடக்கம் செய்யத் தெரிந்த மக்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வாழ்ந்தார்கள். சங்கப் புலவர்களுக்கும் கோடை மலை தெரியும். பெருந்தலைச் சாத்தனார், கடிய நெடுவேட்டுவன் என்ற தலைவனைப் பாடியிருக்கிறார். அவன் ஆண்ட கோடை மலை இதுதான் என்பார்கள் அறிஞர்கள். மலையடிவாரத்தில், இன்றைய பழனிப் பக்கம் ஆண்டவன் பேகன். குளிரில் நடுங்குவதாக எண்ணி ஒரு மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தானே, அவன்தான். குளிரில் இருப்பவருக்குப் போர்வை கொடுக்கும் வழக்கம் இந்த மலைக்குப் பழைய சொத்து.

காட்டையே வீடாகக் கொண்டு, தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள் பளியர்கள். இந்த மலையின் மூத்த குடிகள் அவர்கள். அவர்களுக்குப் பிறகு, சில நூற்றாண்டுகளுக்கு முன் கொங்குச் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்கள் குன்னுவர்கள். மலைச் சரிவைப் படிப்படியாக வெட்டி வயலாக்கியவர்கள் அவர்கள். பூம்பாறையில் நின்று பார்த்தால் அந்தப் படிக்கட்டு வயல்களை இன்றும் காணலாம். அங்கே விளையும் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

1821ஆம் ஆண்டு. லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவை அதிகாரி பெரியகுளம் பக்கத்திலிருந்து வெள்ளகவி என்ற சிற்றூரின் வழியாக மேலே ஏறி வந்தார். நல்ல தட்பவெப்பம், ஒழுங்காக அமைந்த ஊர்கள், சுமார் 4,000 மக்கள் என்று அவர் எழுதினார். இந்த மலை மக்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் கணக்கு இதுதான். முதல் வெள்ளைக்காரர் வந்தபோதே மலையில் நாலாயிரம் பேர் இருந்தார்கள் என்று, அந்த முதல் வெள்ளைக்காரரே எழுதி வைத்திருக்கிறார். வெள்ளகவி என்ற பெயரை நினைவில் வையுங்கள். அந்த ஊருக்கு நாம் திரும்ப வருவோம்.

காய்ச்சலுக்குப் பயந்து வந்தவர்கள்

1834ஆம் ஆண்டில் மதுரை சப்-கலெக்டர் ராட்டன் செண்பகனூர்ப் பக்கத்தில் ஒரு சிறு பங்களா கட்டினார். 1836இல் தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் வந்து செடிகொடிகளை ஆராய்ந்தார். ஆனால் ஊர் என்று ஒன்று உருவானதற்குக் காரணம் அழகோ ஆராய்ச்சியோ அல்ல. மரண பயம்.

மதுரையில் பணிசெய்த அமெரிக்க மிஷனரிகளின் குடும்பங்களில் காய்ச்சலும் காலராவும் புகுந்தன. கைக்குழந்தைகளும் இளம் தாய்மாரும் இறந்தார்கள். குளிர்ந்த இடம் தேடிச் சிறுமலைக்குப் போனார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. கடைசியில் இங்கே வந்து 1845இல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். அந்த இரண்டு வீடுகளிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய நகரம்.

நம் இயேசு சபைத் தந்தையரின் கதையும் அதே கதைதான். 1838இல் பிரான்சிலிருந்து வந்து மதுரை மறைப்பணியை மீண்டும் தொடங்கியவர்களில் பலர், தமிழை நன்றாகப் பேசத் தொடங்குமுன்பே சமவெளியின் நோய்களுக்கு இரையானார்கள். எஞ்சியவர்கள் ஓய்வெடுக்கவும் உயிர் தப்பவும் ஓர் இடம் வேண்டியிருந்தது. 1860களில் அருள்பணி லூயி சென் சீர் இங்கு ஒரு வீட்டை வாங்கினார். அந்தப் பத்தாண்டிலேயே, குன்றின் மேல் சலேத் மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்பினார். பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் 1846இல் மாடு மேய்த்த இரண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு, கண்ணீரோடு காட்சி தந்த அன்னை அவர். மலைச் சிறுவர்களுக்குக் காட்சி தந்த தாய்க்கு இன்னொரு மலையில் கோவில். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச், ஓடைகள் கூடும் சதுப்பு நிலத்துக்குக் கரை கட்டி ஏரியாக்கினார். நாம் நட்சத்திர ஏரி என்று பெருமையாகக் காட்டுகிறோமே, அது இயற்கை ஏரி அல்ல. மண் சுமந்து கரை போட்ட ஏரி. கரை கட்டச் சொன்னவரின் பெயர் இருக்கிறது. மண் கூடையைத் தலையில் சுமந்தவர்களின் பெயர் இல்லை.

1895இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி எழுந்தது. குருமாணவர்கள் மெய்யியல் படித்தார்கள். கூடவே காட்டையும் படித்தார்கள். அங்குள்ள இயற்கை அருங்காட்சியகமும் ஆர்கிட் தோட்டமும் அவர்களின் உழைப்பு. அருள்பணி ஆங்கிலாட் இந்த மலையின் செடிகளைத் தேடித் தேடி வண்ண ஓவியங்களாகத் தீட்டி வைத்தார். அந்த வழியில் வந்த அருள்பணி மத்தேயு பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய தம் பெரிய நூலை 1999இல் வெளியிட்டார். கடவுளின் படைப்பைப் பெயர் சொல்லி அழைப்பதும் ஒரு செபமே என்று வாழ்ந்து காட்டியவர்கள் இவர்கள்.

பஞ்சமும் ஓர் அடையாளத்தை விட்டுச் சென்றிருக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் நடக்கும் மாற்றத்துக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. சூரியனை இடைவிடாமல் பார்க்கத் தெளிந்த வானம் வேண்டும். 1899இல் சென்னை வானாய்வகத்தின் பணி இங்கே மாற்றப்பட்டது. 1909இல் எவர்ஷெட் என்ற அறிஞர் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகெங்கும் அதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். சோறில்லாமல் இறந்த இலட்சக்கணக்கான ஏழைகளின் நினைவு அந்தத் தொலைநோக்கிக்குப் பின்னால் இருக்கிறது.

யார் தூக்கி வந்தார்கள்?

இப்போது ஒரு கேள்வி. இத்தனை பேரும், இத்தனை பொருள்களும் எப்படி மேலே வந்தன?

1875இல் இரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில் இறங்க வேண்டும். அதைத்தான் இன்று கோடை ரோடு என்கிறோம். அங்கிருந்து மாட்டுவண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து, பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்புக்கு வர வேண்டும். அதற்கு மேல் வண்டி போகாது. குதிரையில் ஏறலாம், நடக்கலாம். முடியாதவர்களை நாற்காலியில் அல்லது டோலியில் வைத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு செங்குத்துப் பாதையில் ஏறினார்கள். பல பேர் தோள் மாற்றித் தோள் மாற்றி, அதிகாலை இருட்டில் தொடங்கிப் பல மணி நேரம் ஏறினார்கள்.

வத்தலக்குண்டிலிருந்து லா என்ற இராணுவப் பொறியாளர் வகுத்த மலைச்சாலையின் வேலை 1870களிலேயே தொடங்கியது. ஆனால் பணமின்றி நின்றுபோய், 1914–16 ஆண்டுகளில்தான் மோட்டார் வண்டி மேலே வரும் நிலை உண்டானது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1845 முதல் ஏறக்குறைய 70 ஆண்டுகள் இந்த ஊருக்கு வண்டிச் சாலை கிடையாது. அந்த 70 ஆண்டுகளில் எழுந்தவைதாம் சலேத் மாதா கோவிலும், செண்பகனூர்க் கல்லூரியும், வானாய்வகமும், முதல் பள்ளிகளும். கோவில் மணி, பீடத்துச் சுரூபம், வானாய்வகத்துக் கண்ணாடி வில்லை, நோயாளி, குழந்தை, அரிசி மூட்டை என எல்லாம் மனிதத் தோளிலும் பொதிமாட்டின் முதுகிலுமாக வந்திருக்க வேண்டும்.

அந்த மனிதர்களின் பெயர்ப் பட்டியல் எந்தக் கோவில் சுவரிலும் இல்லை. கப்பர்நாகும் கூரையில் நின்றவர்களைப் போல, அவர்கள் சுமையை இறக்கிவிட்டுக் கீழே போய்விட்டார்கள்.

எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்

லூக்கா நற்செய்தியில் நம் ஆண்டவர் பிறப்பதே ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் போதுதான். பேரரசர் எண்ணச் சொன்னார். ஊர் நிறைந்தது. ஆனால் அந்தத் தாய்க்குச் சத்திரத்தில் இடம் இல்லை. எண்ணிக்கையில் இருப்பவருக்கெல்லாம் இடம் கிடைத்துவிடாது என்று அந்த இரவு நமக்குச் சொல்கிறது.

நம் ஊரின் எண்ணிக்கையைப் பாருங்கள். 1899இல் கோடைக்கானல் நகராட்சி ஆனது. 1901ஆம் ஆண்டுக் கணக்கில் 1,912 பேர். 2001இல் 32,931 பேர். 2011இல் 36,501 பேர். பாதி அளவுக்கு இந்துக்கள், ஐந்தில் இரண்டு பங்கை ஒட்டிக் கிறிஸ்தவர்கள், எட்டில் ஒருவர் என்ற அளவில் இஸ்லாமியர். இப்படி மூன்று சமயத்தாரும் தோளோடு தோள் உரசி வாழும் மலைநகரம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஆகஸ்டு 14, 15 நாள்களில் சலேத் மாதா திருவிழாவுக்கு ஏறி வரும் கூட்டத்தில் யார் எந்தச் சமயம் என்று பிரித்துச் சொல்ல உங்களால் முடியுமா? என்னால் முடியாது.

ஆனால் இந்தக் கணக்கெடுப்பெல்லாம் நடப்பது பிப்ரவரி, மார்ச் மாதக் குளிரில். மே மாதத்தில் ஊர் பல மடங்கு வீங்கிவிடும். அந்தக் கூட்டத்தை எண்ண ஒரு வழி இல்லாமல் இருந்தது. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடைக்கு, வார நாள்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று நீதிமன்றம் அளவு வைத்தது. 1901இல் இருந்த ஆட்களைவிட இரண்டு மடங்கு வண்டிகள் ஒரே நாளில் வரலாம்! இதனால் வியாபாரம் கெட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். விடுதியில் பாத்திரம் கழுவுபவரும், குதிரை வைத்திருப்பவரும், சாலையோரம் பேரிக்காய் விற்பவரும் வருந்துவதில் நியாயம் உண்டு. அதே வேளையில், குடிநீர்க் குழாய் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று காத்திருக்கும் தாய்மாரும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். இரு பக்கத்தையும் கேட்காமல் நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

எண்ணப்படாத இன்னொரு கூட்டம் உண்டு. 1964இல் இலங்கையோடு செய்த ஒப்பந்தத்தின்படி, தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த நம் மக்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பல குடும்பங்கள் இந்த மலைக்கு வந்தன. சவுக்கை, சீகை மரம் வெட்டுவதும், பட்டை உரிப்பதும் வேலை. முன்பணம் கொடுத்தவரிடம் கொத்தடிமையாகச் சிக்கியவர்கள் பலர். 1980களில் அவர்கள் மீட்கப்பட்டார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் நம் மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்கள் வெட்டிய மரங்களும் அகதிகளைப் போல வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவைதாம். விறகுக்காகவும் பட்டைக்காகவும் சீகையும் தைல மரமும் புல்வெளியில் நடப்பட்டன. நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கும் இடம் அந்தப் புல்வெளிதான். 2018இல் பூத்தது. இனி 2030இல் பூக்க வேண்டும். எங்கே பூக்கும்?

பாதரச வெப்பமானி செய்த தொழிற்சாலையையும் நாம் மறக்க முடியாது. 1980களில் வந்தது. வேலை கிடைத்தது என்று நாம் மகிழ்ந்தோம். பாதரசக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடப்பது தெரியவந்து, 2001இல் மூடப்பட்டது. நோயோடும் வழக்கோடும் போராடிய 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு 2016இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்து ஆண்டுகள்! அந்தப் போராட்டத்தில் எத்தனை நாள் நாம் அவர்களோடு நின்றோம் என்று ஒவ்வொருவரும் தம் மனச்சான்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மீண்டும் வெள்ளகவி

அன்பார்ந்த நேயர்களே, 1821இல் வார்டு ஏறி வந்த வெள்ளகவிக்கு இப்போது வருவோம். கோடைக்கானல் உருவாவதற்கு முன்பே இருந்த ஊர் அது. ஊருக்குள் செருப்பு அணிவதில்லை என்ற வழக்கத்தை இன்றும் காக்கிற மக்கள். கோடைக்கானலுக்குச் சாலை வந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வெள்ளகவிக்காரர்களோ, அண்மைக் காலம் வரை, வட்டக்கானலிலிருந்து காட்டுப் பாதையில் நடந்துதான் ஊருக்குப் போனார்கள். பேறுகால வலி வந்த பெண்ணையும், பாம்பு கடித்தவரையும் கம்பில் போர்வை கட்டி, டோலியாக்கி, தோளில் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் மலை மக்களும் சமவெளி ஏழைகளும் மற்றவர்களின் நோயாளிகளைத் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். நோயாளிகள் பிழைத்தார்கள். ஊர் வளர்ந்தது, பள்ளி வந்தது, மருத்துவமனை வந்தது, வானத்தை அளக்கும் கருவி வந்தது. ஆனால், தூக்கியவர்களின் வீட்டில் ஒருவர் நோயுற்றபோது, அவரைத் தூக்க மறுபடியும் அவர்களின் தோள்தான் இருந்தது.

இதுதான் நம் ஊர் வரலாற்றின் தீராத கடன். ஏரியின் அழகும், கோவிலின் கோபுரமும், நம் வீட்டு ஓடும் ஏதோ ஒரு தோளின் மேல் ஏறி வந்தவை. கடன் பட்டவர்கள் கடன் இல்லாதவர்களைப் போல நடக்கக் கூடாது.

கடனை எப்படித் தீர்ப்பது? பெரிய காரியம் எதையும் நான் சொல்லவில்லை. இந்த வாரம் மூன்று சிறு காரியங்கள் செய்வோம். முதலாவது, உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், உங்கள் குடும்பத்தில் முதன்முதலாக இந்த மலைக்கு ஏறி வந்தவர் யார், எங்கிருந்து வந்தார், என்ன சுமந்தார் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டாவது, சாலை இல்லாத, குடிநீர் இல்லாத ஓர் ஊருக்கோ, ஒரு பளியர் குடியிருப்புக்கோ நம் அன்பியத்திலிருந்து சிலர் போய், உதவி கொடுக்க அல்ல, முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்க, ஒரு நாள் செலவிடுவோம். மூன்றாவது, ஓடையில் ஒரு நெகிழிப் பையை எறியுமுன், கீழே அதே தண்ணீரைக் குடிக்கும் மக்களை ஒரு நொடி நினைப்போம்.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று நாம் நம்மவர் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவோம். செண்பகனூரில் அடக்கம் செய்யப்பட்ட குருக்களின் சிலுவைகளில் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும். இந்த ஆண்டு ஒரு திரியைக் கூடுதலாக வாங்குங்கள். பெயர் பொறிக்கப்படாத அந்தச் சுமைகாரர்களுக்காக அதை ஏற்றி வையுங்கள். அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆயிரம் ஆடுகளையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆயனுக்குத் தெரியும்.

அந்த நல்லாயனின் ஆசீர் நம் மலையின்மேலும், அதன் மக்கள் அனைவர்மேலும் தங்குவதாக. ஆமென்.